வைட் ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்தைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைட் ஸ்ட்ரிங் என்பது ஒவ்வொன்றும் 2 அல்லது 4 பைட் கொண்ட அலகுகளின் வரிசை. சி, சி++ மொழிகளின் வைட் ஸ்ட்ரிங்குக்குள் ஓர் எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். நடுவில் வரும் சிறுகோடு படிக்கும் வசதிக்காக மட்டுமே. நிரலில் அது கிடையாது; சைஸ்-டி, கேர்16-டி, கேர்32-டி என்ற வகைப் பெயர்களில் மட்டும் அது அடிக்கோட்டைக் குறிக்கும். யூனிகோட் எண்கள் அனைத்தும் பத்தடிமானத்தில் தரப்பட்டுள்ளன.

எந்த ஃபங்ஷனை எடுக்க வேண்டும்?

பெரும்பாலான வேலைகளுக்கு டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் போதும். முதலில் ஸ்ட்ரிங், அடுத்து தேட வேண்டிய எழுத்து என இரண்டே உள்ளீடுகள். அந்த எழுத்து முதன்முதலாக வரும் இடத்துக்கான பாயின்டரைத் திருப்பித் தரும். இல்லையென்றால் நல் பாயின்டர். சி மொழியின் தரநிலைக்கு 1995இல் வந்த திருத்தத்திலேயே இது சேர்ந்துவிட்டதால், இன்று புழக்கத்தில் உள்ள எந்தக் கம்பைலரிலும் கிடைக்கும்.

கடைசியாக வரும் இடம் வேண்டுமென்றால் டபிள்யூசிஎஸ்-ஆர்சிஎச்ஆர். கோப்புப் பாதையில் கடைசிப் புள்ளியைப் பிடித்து நீட்டிப்பைப் பிரிப்பது இதன் வழக்கமான வேலை. நீளம் தெரிந்த, நடுவில் சுழியம் வரக்கூடிய நினைவகப் பகுதிக்கு டபிள்யூமெம்-சிஎச்ஆர். பல எழுத்துகளில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்றால் டபிள்யூசிஎஸ்-பிபிஆர்கே. தேடுவது ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகளால் ஆனது என்றால் டபிள்யூசிஎஸ்-எஸ்டிஆர். தமிழில் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி ஃபங்ஷன்தான் தேவைப்படும். காரணம் கீழே வருகிறது.

இந்த ஃபங்ஷன் உள்ளே என்னதான் செய்கிறது?

ஸ்ட்ரிங்கின் ஒவ்வோர் அலகும் ஓர் எண். தேடச் சொல்லிக் கொடுப்பதும் ஓர் எண். இரண்டும் சமமா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். மொழி, உச்சரிப்பு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவும் அதற்குத் தெரியாது. லொகேல் எனப்படும் மொழி, நாட்டு வழக்கு அமைப்பும் இந்த ஒப்பீட்டைப் பாதிக்காது. திரையில் பார்க்கும் எழுத்தும் ஸ்ட்ரிங்கில் உள்ள எண்ணும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்றாக இருப்பதில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பாயின்டர் கிடைத்தது. அது எத்தனையாவது இடம் என்று எப்படி அறிவது?

கிடைத்த பாயின்டரிலிருந்து ஸ்ட்ரிங்கின் தொடக்கப் பாயின்டரைக் கழித்தால் போதும். விடை அலகுக் கணக்கில் வரும், பைட் கணக்கில் அல்ல. இது தெரியாமல் அதை மறுபடி 4ஆல் வகுப்பவர்கள் உண்டு. அப்போது 20ஆவது இடம் 5 ஆகிவிடும். கழிப்பதற்கு முன் நல் பாயின்டரா என்று பார்த்தே ஆக வேண்டும். நல் பாயின்டரிலிருந்து கழித்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

ஸ்ட்ரிங்கின் முடிவில் உள்ள சுழியத்தைத் தேட முடியுமா?

முடியும். தரநிலைப்படி முடிவுச் சுழியமும் ஸ்ட்ரிங்கின் பகுதியே. 0 என்று கொடுத்துத் தேடினால் முடிவுக்கான பாயின்டர் வரும், நல் பாயின்டர் வராது.

இந்த விதியைக் கவனிக்காததால் வரும் பிழை மிக நயமானது, சோதனையில் எளிதில் சிக்காது. பிரிப்பான்களை எல்லாம் ஒரு சிறிய ஸ்ட்ரிங்கில் வைத்து, “இந்த எழுத்து அதில் இருக்கிறதா” என்று கேட்க இதே ஃபங்ஷனைப் பலர் பயன்படுத்துவார்கள். காற்புள்ளி, இடைவெளி, தாவல் ஆகியவற்றைத் தாண்டிச் செல்லும் லூப் என்று வைத்துக்கொள்வோம்: தற்போதைய எழுத்து பிரிப்பான்களில் இருக்கும்வரை முன்னேறு. உரை பிரிப்பானில் முடிந்தால், அடுத்து வருவது முடிவுச் சுழியம். அதுவும் பிரிப்பான் ஸ்ட்ரிங்கில் “இருக்கிறது”. லூப் நிற்காமல் ஸ்ட்ரிங்குக்கு வெளியே ஓடும். தற்போதைய எழுத்து சுழியம் இல்லை என்ற நிபந்தனையை முதலில் வைத்து, அதன் பிறகே உறுப்பா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் டபிள்யூசிஎஸ்-எஸ்பிஎன் பயன்படுத்துங்கள். கொடுத்த தொகுதியைச் சேர்ந்த எழுத்துகள் தொடக்கத்தில் எத்தனை வரிசையாக உள்ளன என்று அது எண்ணித் தரும், சுழியத்தில் தானாகவே நிற்கும்.

எழுத்து வரும் எல்லா இடங்களையும் எடுப்பது எப்படி?

முதல் தேடலைத் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். கிடைத்த ஒவ்வொரு முறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பாயின்டருடன் 1 கூட்டி அங்கிருந்து மறுபடி தேடுங்கள். நல் பாயின்டர் வந்ததும் நிறுத்துங்கள். 1 கூட்ட மறந்தால் அதே இடம் திரும்பத் திரும்பக் கிடைத்து லூப் முடியாது. தேடும் எழுத்து பயனரிடமிருந்து வருகிறது என்றால் அது 0 இல்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். 0ஐத் தேடினால் முடிவு கிடைக்கும், அதனுடன் 1 கூட்டினால் ஸ்ட்ரிங்கைத் தாண்டிவிடுவீர்கள்.

டபிள்யூமெம்-சிஎச்ஆருக்கு மூன்றாவது உள்ளீடாக எதைக் கொடுப்பது?

எத்தனை அலகுகளைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணிக்கையை. பைட்களின் எண்ணிக்கையை அல்ல. அரே ஒன்றின் சைஸ்ஆஃப் மதிப்பை அப்படியே கொடுப்பதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. 100 அலகுகள் கொண்ட அரே லினக்ஸில் 400 பைட். 400 என்று கொடுத்தால் அரேக்கு வெளியே இன்னும் 300 அலகுகள் படிக்கப்படும். தேடுவது முதல் 100க்குள் கிடைத்துவிடும்வரை எல்லாம் சரியாக நடப்பது போலவே தோன்றும். கிடைக்காத நாளில்தான் சிக்கல் வெளியே வரும். அரேயின் மொத்த அளவை ஓர் உறுப்பின் அளவால் வகுத்துக் கொடுங்கள். ஃபங்ஷனுக்குள் அரே பாயின்டராக வந்து சேர்ந்திருந்தால் அந்த வகுத்தலும் பொய்யாகும். எண்ணிக்கையைத் தனி உள்ளீடாகவே கடத்துங்கள்.

முடிவுச் சுழியம் இருக்கிறதா என்ற சந்தேகம் இருக்கும்போதும் இந்த ஃபங்ஷனே பாதுகாப்பு. டபிள்யூசிஎஸ்-என்சிபிஒய் கொண்டு நகலெடுக்கும்போது, கொடுத்த இடம் முழுதும் நிரம்பிவிட்டால் அது சுழியம் வைக்காது. அந்த நகலில் டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் ஓட்டினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பழைய எஸ்டிஆர்-சிஎச்ஆரையே பாயின்டர் வகையை மாற்றிக் கொடுத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. அது ஒற்றை பைட்களைப் பார்க்கும், சுழிய பைட்டைக் கண்டால் நின்றுவிடும். ஆங்கில உரையின் ஒவ்வோர் அலகிலும் மேல் பைட் சுழியம் என்பதால், வழக்கமான இன்டெல் கணினியில் முதல் எழுத்தோடு தேடல் முடிந்துவிடும். தமிழ் உரை என்றால், ஓர் அலகு 2 பைட்டாக உள்ள விண்டோஸில் வேறு விதமாகக் கெடும். தமிழ்ப் பகுதியின் எண்கள் 2944 முதல் 3071 வரை. அவற்றின் மேல் பைட் எப்போதும் 11. ஆகவே 11 என்ற பைட்டைத் தேடினால் எல்லாத் தமிழ் எழுத்திலும் “கிடைக்கும்”. கம்பைலர் தந்த எச்சரிக்கையை வகைமாற்றம் போட்டு அடக்கினால்தான் இது நடக்கும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஊகிக்க வேண்டாம். ஸ்ட்ரிங்கின் ஒவ்வோர் அலகையும் எண்ணாக அச்சிடுங்கள், தேடும் எழுத்தையும் எண்ணாக அச்சிடுங்கள். பத்து வரி நிரல் இது, பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும். எண்களைப் பார்த்தவுடன் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

“கல்” என்ற சொல்லுக்கு 2965, 2994, 3021 என்று வர வேண்டும். 224, 174, 149 என்று தொடங்கும் எண்கள் வந்தால், யூடிஎஃப்-8 (ஒவ்வொரு யூனிகோட் எண்ணையும் ஒன்று முதல் நான்கு பைட்களாக எழுதும் முறை) பைட்கள் மாற்றப்படாமல் ஒவ்வொன்றும் தனித்தனி அலகாகப் போய் உட்கார்ந்திருக்கின்றன. முதல் எண் 65279 என்றால் கோப்பின் தலையில் இருந்த பைட் வரிசைக் குறி உள்ளே வந்துவிட்டது. எல்லா இடங்களும் ஒன்று தள்ளிக் காட்டும், “முதல் எழுத்து இதுவா” என்ற சோதனை தோற்கும். இடையில் 8203, 8204, 8205 தென்பட்டால் அவை கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகள். இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் இவை நிறைய வரும். இடைவெளியைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அங்கே 32க்குப் பதில் 160 இருக்கக்கூடும்.

தேடும் எழுத்தின் எண்ணே தப்பாக வந்தால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

மேற்கோளுக்கு முன் எல் போட மறந்தால் என்ன ஆகும்?

“க” என்பதை எல் முன்னொட்டு இல்லாமல் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால், ஜிசிசி கம்பைலர் அதை மூன்று யூடிஎஃப்-8 பைட்களாகப் பார்த்து ஒரே முழு எண்ணாகக் கோத்துவிடும்: 14724757. பல எழுத்து மாறிலி என்று எச்சரிக்கை வரும், ஆனாலும் நிரல் ஓடும். ஸ்ட்ரிங்கில் இருப்பதோ 2965. எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

யூடிஎஃப்-8 ஸ்ட்ரிங்கிலிருந்து ஒரு பைட்டை எடுத்து அப்படியே டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆருக்குக் கொடுப்பதும் இதே குடும்பத்துப் பிழைதான். கேர் வகை குறியுடையதாக இருக்கும் கணினிகளில் 224 என்ற பைட் -32 ஆகி, லினக்ஸில் -32 ஆகவும் விண்டோஸில் 65504 ஆகவும் போய்ச் சேரும்.

எல் போட்டும் எண் தவறு என்றால் மூலக் கோப்பின் குறியாக்கத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர், பைட் வரிசைக் குறி இல்லாத கோப்பைக் கணினியின் வழக்கமான கோட் பேஜில் (எழுத்துக் குறியாக்க அட்டவணையில்) இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பு யூடிஎஃப்-8 என்று சொல்லும் கம்பைலர் தெரிவைக் கொடுத்தால் இது தீரும். ஜிசிசி எதுவும் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்றே கொள்ளும். பலர் கைமாறும் நிரல் என்றால், எழுத்தை நேரடியாக எழுதாமல் பின்சாய்வுக்கோடும் யூவும் சேர்ந்த நான்கு இலக்கப் பதினாறடிமான வடிவில் எழுதுவது மிகவும் உறுதியான வழி. எந்த எடிட்டர் எப்படிச் சேமித்தாலும் அது மாறாது.

யூடிஎஃப்-8 உரையை வைட் ஸ்ட்ரிங்காக மாற்றும்போது தோல்வி வருகிறதே?

நிரல் தொடங்கும்போது லொகேல் எப்போதும் “சி” லொகேல்தான். அந்த நிலையில் எம்பிஎஸ்டுடபிள்யூசிஎஸ் போன்ற மாற்றிகளுக்கு யூடிஎஃப்-8 தெரியாது. -1ஐத் திருப்பித் தந்து தோற்கும், அல்லது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக்கிவிடும். மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே செட்லொகேலை வெற்று ஸ்ட்ரிங்குடன் அழையுங்கள், பயனரின் கணினி அமைப்பை அது எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவது நல் பாயின்டரா என்றும் பாருங்கள். கன்டெய்னர் போன்ற சிறிய சூழல்களில் அந்த லொகேல் நிறுவப்படாமலே இருக்கும். விண்டோஸில் மல்ட்டிபைட்-டு-வைட்கேர் ஃபங்ஷனுக்குக் கோட் பேஜ் 65001 என்று கொடுப்பது நேர்வழி, அங்கே லொகேல் தேவையில்லை.

“க” என்று தேடினால் கி, கொ, க் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. தனி “க” மட்டும் வேண்டும்.

யூனிகோடில் “கி” என்பது க (2965), அதன் பின் இகரக் குறி (3007) என்ற இரண்டு அலகுகள். “க்” என்பது 2965, 3021. எல்லாமே 2965இல் தொடங்குவதால் தேடல் அங்கே நிற்பது சரியான விடையே. நீங்கள் கேட்ட கேள்விதான் வேறு.

தனி அகர உயிர்மெய் வேண்டுமென்றால் கிடைத்த இடத்துக்கு அடுத்த அலகைப் பாருங்கள். அது 3006 முதல் 3021 வரை உள்ள எண்ணாக இருந்தால் அங்கே உயிர்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருக்கிறது. தள்ளிவிட்டு மேலே தேடுங்கள். அந்த வீச்சின் நடுவில் ஒதுக்கப்படாத எண்கள் சில உள்ளன, ஆனால் சோதனைக்கு அவை இடையூறு இல்லை. ஸ்ட்ரிங் சுழியத்தில் முடிவதால், கிடைத்த எழுத்துக்கு அடுத்த அலகைப் படிப்பதில் ஆபத்தும் இல்லை. டபிள்யூமெம்-சிஎச்ஆர் பயன்படுத்தியிருந்தால் மட்டும், அடுத்த அலகு எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

“கி”யைத் தேட வேண்டுமானால் டபிள்யூசிஎஸ்-எஸ்டிஆரிடம் இரண்டு அலகுகள் கொண்ட ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். “க்” தேடும்போது “க்ஷ”வும் சிக்கும், ஏனென்றால் அது 2965, 3021, 2999 என்ற மூன்று அலகுகள். அதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. அகராதி வரிசைக்கு அதைத் தனி எழுத்தாகவே நடத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. சில உரைகளில் க், ஷ இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் 8204 வைத்திருப்பார்கள், அதையும் மனத்தில் வையுங்கள்.

“கொ” சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் கிடைக்கவில்லை. பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது?

ஒகரக் குறிக்கு யூனிகோடில் இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. 3018 என்ற ஒரே எண், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக 3014, 3006. இரண்டும் சம மதிப்புள்ளவை என்று யூனிகோட் வரையறுத்திருக்கிறது, திரையிலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் எண்ணை மட்டும் பார்க்கும் தேடலுக்கு அவை வேறு வேறு. ஓகாரக் குறி 3019க்கு 3015, 3006; ஔகாரக் குறி 3020க்கு 3014, 3031. தனி “ஔ” கூட 2964 என்றும் 2962, 3031 என்றும் இரு வகையில் வரலாம்.

பிரித்த வடிவில் இருக்கும் உரையில் பொய்க் கண்டுபிடிப்பும் நேரும். “கெ” என்று 2965, 3014ஐத் தேடினால் பிரித்தெழுதிய “கொ”வுக்குள் அது கிடைக்கும். காலைத் தேடினாலும் அங்கே கிடைக்கும், அங்கே “கா” இல்லாவிட்டாலும்.

தீர்வு, தேடுவதற்கு முன் உரையையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. என்எஃப்சி எனப்படும் சேர்த்த வடிவமே வசதி. விண்டோஸில் நார்மலைஸ்-ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மற்ற இடங்களில் யூனிகோட் வேலைகளுக்கான ஐசியு நூலகம். சி மொழியின் தரநிலை நூலகத்தில் இதற்கு எதுவும் இல்லை. தமிழுக்கு மட்டும் போதும் என்றால், மேலே சொன்ன மூன்று குறிகளையும் “ஔ”வையும் சேர்க்கும் சிறிய ஃபங்ஷனை நீங்களே எழுதிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வடிவம் மாற்றிய ஸ்ட்ரிங்கில் கிடைத்த இடத்தின் எண்ணைப் பழைய ஸ்ட்ரிங்கில் பயன்படுத்தாதீர்கள், அலகுகள் குறைந்திருக்கும். மேலும், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு “ள” என்ற மெய்யெழுத்தைத் தட்டச்சிட்டிருந்தால் (3014க்குப் பிறகு 2995) எந்த வடிவமாற்றமும் அதைச் சரிசெய்யாது. அது யூனிகோட் பார்வையில் வேறு சொல். “ஸ்ரீ”யும் அப்படித்தான்: சிலர் 3000இல் தொடங்கியும் சிலர் 2998இல் தொடங்கியும் எழுதுகிறார்கள். 2998 என்ற “ஶ” 2005இல் வந்த யூனிகோட் 4.1இல்தான் சேர்ந்தது, ஆகவே பழைய உரைகள் எல்லாம் 3000தான். இரண்டையும் தேடுங்கள்.

விண்டோஸில் ஸ்மைலி போன்ற குறிகளைத் தேட முடியவில்லை. ஏன்?

விண்டோஸில் ஓர் அலகு 2 பைட், குறியாக்கம் யூடிஎஃப்-16. 65535க்கு மேற்பட்ட எண்கள் ஓர் அலகில் கொள்ளாது, இரண்டாகப் பிரிந்து சரோகேட் இணையாக நிற்கும். கணக்கு இது: எண்ணிலிருந்து 65536ஐக் கழியுங்கள், 1024ஆல் வகுங்கள், ஈவுடன் 55296, மீதியுடன் 56320 கூட்டுங்கள்.

சிரித்த முகம் 128512. கழித்தால் 62976, ஈவு 61, மீதி 512, ஆக 55357, 56832 என்ற இணை. இதை அறியாமல் 128512ஐ டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆருக்குக் கொடுத்தால் மேல் பகுதி வெட்டுப்பட்டு 62976 என்ற தனிப்பயன் எண்ணைத் தேடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இணையின் முதல் பாதியை மட்டும் தேடுவதும் தவறு, 55357இல் தொடங்கும் குறிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இது ஸ்மைலிக்கு மட்டுமான சிக்கல் அல்ல. தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019இல் யூனிகோட் 12.0இல் 73664 முதல் 73727 வரையான பகுதியில் சேர்க்கப்பட்டன. 320இல் ஒரு பங்கான முந்திரியின் எண் 73664. விண்டோஸில் அது 55303, 57280. வெட்டுப்பட்டால் 8128 ஆகிவிடும், அது ஒரு கிரேக்கக் குறி.

இணையை இரண்டு அலகு ஸ்ட்ரிங்காக்கி டபிள்யூசிஎஸ்-எஸ்டிஆரில் தேடுங்கள். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி எண் வீச்சில் இருப்பதால், ஒழுங்கான உரையில் வேறொரு குறியின் நடுவில் தவறாகப் பொருந்தாது.

அதே நிரல் லினக்ஸில் ஒரு விடை, விண்டோஸில் வேறு விடை தருகிறது.

லினக்ஸிலும் மேக்கிலும் ஓர் அலகு 4 பைட், அங்கே ஒவ்வொரு யூனிகோட் எண்ணும் ஓர் அலகு. ஆகவே 65535க்கு மேற்பட்ட குறி ஒன்று முன்னால் வந்துவிட்டால் விண்டோஸில் அடுத்தடுத்த இடங்கள் எல்லாம் ஒன்று கூடும். கோப்பிலோ பிணையம் வழியோ இட எண்களை அனுப்பும் நிரல் என்றால், எந்த அலகில் எண்ணுகிறீர்கள் என்று வரையறுத்துவிடுங்கள். வைட் ஸ்ட்ரிங்கை அப்படியே பைட்களாகக் கோப்பில் எழுதாதீர்கள், மற்ற கணினியில் அதைப் படிக்க முடியாது.

ஜிசிசியில் அலகை 2 பைட் ஆக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் போட்டால் உங்கள் நிரல் மட்டும்தான் மாறும். கணினியின் சி நூலகம் 4 பைட் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் இரண்டு எழுத்துகளை ஒன்றாகப் படித்துக் குழம்பும். அந்தத் தெரிவை இதற்காகத் தொடாதீர்கள்.

சி++இல் டபிள்யூஸ்ட்ரிங்கின் ஃபைண்ட் பயன்படுத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திரும்பி வருவது பாயின்டர் அல்ல, இட எண். இல்லையென்றால் என்பாஸ் என்ற மதிப்பு; 64 பிட் கணினியில் அது 18446744073709551615. இஃப் நிபந்தனைக்குள் ஃபைண்டின் விடையை அப்படியே வைத்தால் தலைகீழாகும்: எழுத்து தொடக்கத்திலேயே இருந்தால் 0, அதாவது பொய்; இல்லவே இல்லையென்றால் பெரிய எண், அதாவது மெய். எப்போதும் என்பாஸுடன் ஒப்பிடுங்கள்.

விடையைக் குறியற்ற 32 பிட் எண்ணில் சேமித்தால் என்பாஸ் வெட்டுப்பட்டு 4294967295 ஆகும், பிறகு என்பாஸுடன் ஒப்பிட்டால் சமமாகாது. குறியுடைய இன்ட்டில் சேமித்தால் -1 ஆகி, ஒப்பிடும்போது நீண்டு தற்செயலாகப் பொருந்திவிடும். அந்தத் தற்செயலை நம்பாமல் சைஸ்-டி வகையிலோ ஆட்டோவிலோ வையுங்கள். இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் போதும் என்றால் சி++23இல் கன்டெய்ன்ஸ் வந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கின் நடுவில் சுழியம் இருந்தாலும் ஃபைண்ட் தாண்டிச் செல்லும், டபிள்யூசிஎஸ்-சிஎச்ஆர் அங்கேயே நின்றுவிடும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடுவது?

தரநிலையில் தனி ஃபங்ஷன் இல்லை. ஒவ்வோர் அலகையும் டுலோயர் குடும்பத்தின் டபிள்யூ வகையில் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடும் லூப் எழுதுங்கள். இது லொகேலைச் சார்ந்தது, ஆகவே செட்லொகேல் முதலில். விண்டோஸ் 7 முதல் ஃபைண்ட்-ஸ்ட்ரிங்-ஆர்டினல் இந்த வேலையைச் செய்யும். ஜெர்மன் மொழியின் ஓர் எழுத்து இரண்டு பெரிய எழுத்துகளாக விரிவது போன்ற நேர்வுகளை ஒற்றை அலகு ஒப்பீட்டால் பிடிக்க முடியாது.

பல எழுத்துகளில் ஏதாவது ஒன்றைத் தேடும்போது?

டபிள்யூசிஎஸ்-பிபிஆர்கே போதும். தமிழ் எழுத்துகளைக் கொடுக்கும்போது மட்டும் கவனம்: “கா, கி” என்று தொகுதியில் எழுதினால் அது க, கால், இகரக் குறி என்று தனித்தனி அலகுகளாகவே எடுத்துக்கொள்ளும், “மி”யில் உள்ள குறியிலும் நிற்கும்.

தொகுதி பெரிதாக இருந்தால் வேகம் குறையும். உரையின் ஒவ்வோர் அலகுக்கும் தொகுதி முழுதும் ஒப்பிடப்படும் என்பதால் பிட் அட்டவணை சிறந்தது. 65536 எண்களுக்கு 8192 பைட் போதும், தமிழ்ப் பகுதியின் 128 எண்களுக்கு வெறும் 16 பைட். எண்ணை எடுத்து அட்டவணையின் வீச்சுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்டவணையைத் தொடுங்கள். லினக்ஸின் 4 பைட் அலகில் எந்த எண்ணும் வரலாம், எதிர்ம எண்கூட.

வேகத்துக்குச் சொந்தமாக லூப் எழுதலாமா?

பெரும்பாலும் வேண்டாம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் இந்த ஃபங்ஷன்கள் ஒரே கட்டளையில் பல அலகுகளை ஒப்பிடும் வெக்டர் கட்டளைகளால் எழுதப்பட்டுள்ளன. நீளம் முன்பே தெரியும் என்றால் டபிள்யூமெம்-சிஎச்ஆர் எடுங்கள்.

கிடைத்த பாயின்டர் வழியாக எழுத்தை மாற்றினால் நிரல் விழுந்துவிடுகிறது.

சி மொழியில் இந்த ஃபங்ஷன் கான்ஸ்ட் ஸ்ட்ரிங்கை வாங்கிக்கொண்டு கான்ஸ்ட் இல்லாத பாயின்டரைத் தரும். மேற்கோளில் எழுதிய ஸ்ட்ரிங்கில் தேடி, அந்தப் பாயின்டரில் எழுதினால் வாசிப்புக்கு மட்டுமான நினைவகத்தில் கைவைக்கிறீர்கள். கம்பைலர் தடுக்காது. சி++இல் இரண்டு வடிவங்கள் தனித்தனியாக இருப்பதால் இது பிடிபடும். சி23 தரநிலையிலும் கொடுத்தது கான்ஸ்ட் என்றால் வருவதும் கான்ஸ்ட் என்று மாற்றிவிட்டார்கள். பழைய தரநிலையில் இருப்பவர்கள் விடையைக் கான்ஸ்ட் பாயின்டரில் வாங்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்காக அச்சிட்டால் பாதி வரிகள் திரையில் வருவதே இல்லை.

பிரின்ட்எஃப், டபிள்யூபிரின்ட்எஃப் இரண்டையும் கலந்திருப்பீர்கள். ஒரு வெளியீட்டு ஓடையில் முதலில் எது அழைக்கப்படுகிறதோ அதுவே அந்த ஓடையின் வகையைத் தீர்மானிக்கும், அதன் பிறகு மற்றது வேலை செய்யாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்களை அச்சிடுவதுதான் நோக்கம் என்றால் சாதாரண பிரின்ட்எஃப் போதும்.

மற்ற மொழிகளில்?

ஜாவாவில் ஸ்ட்ரிங் யூடிஎஃப்-16 அலகுகளால் ஆனது. ஆனால் இன்டெக்ஸ்ஆஃபுக்கு 65535க்கு மேற்பட்ட எண்ணையும் கொடுக்கலாம், இணையைத் தானே கண்டுபிடிக்கும். திரும்பி வரும் இடம் அலகுக் கணக்கில் இருக்கும். ஜாவாஸ்கிரிப்டிலும் இடங்கள் அதே கணக்கு. சி ஷார்ப்பில் இன்டெக்ஸ்ஆஃபுக்கு ஒற்றை எழுத்தைக் கொடுத்தால் எண் ஒப்பீடு. ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் வேறு சொல்லாதவரை மொழிப் பண்பாட்டு விதிகளின்படி ஒப்பீடு. ஒரே எழுத்தை இரு விதமாகக் கொடுத்து வேறு விடை வந்தால் காரணம் இதுதான், ஆர்டினல் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பைத்தான் 3.3 முதல் எல்லாக் கணினியிலும் இடங்கள் யூனிகோட் எண் கணக்கில் வரும். “கொ”வின் இரு வடிவச் சிக்கல் மட்டும் இவை எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறது.

புதிதாக எழுதும் நிரலில் வைட் ஸ்ட்ரிங் தேவையா?

விண்டோஸ் கட்டளைகளோடு பேசும் இடத்தில் தேவை. மற்ற இடங்களில் யூடிஎஃப்-8ஐயே வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம். யூடிஎஃப்-8இல் பல பைட் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல். ஆகவே காற்புள்ளி, சாய்வுக்கோடு, புதுவரி போன்ற ஆஸ்கி குறிகளை எஸ்டிஆர்-சிஎச்ஆர் கொண்டே தேடலாம், தமிழ் எழுத்தின் நடுவில் அது தவறாக நிற்காது. “க”வைத் தேட மூன்று பைட் ஸ்ட்ரிங்காக எஸ்டிஆர்-எஸ்டிஆருக்குக் கொடுத்தால் போதும். தனி “க”தானா என்று பார்க்க, அடுத்த மூன்று பைட்களை யூனிகோட் எண்ணாக்கி மேலே சொன்ன 3006 முதல் 3021 வரையான அதே சோதனையைச் செய்யுங்கள். கேர்16-டி, கேர்32-டி வகைகள் சி11இல் வந்தன. ஆனால் அவற்றில் தேடுவதற்கு சி நூலகத்தில் ஃபங்ஷன்கள் கிடையாது, லூப் எழுதித்தான் தேட வேண்டும். சி++இல் யூ32ஸ்ட்ரிங்கின் ஃபைண்ட் இருக்கிறது, எல்லாக் கணினியிலும் ஒரே விடை தரும்.